சிறகசைத்தால் போதும்

ஓஷ்கோஷுக்கு ஸ்கேனரோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ, மில்வாக்கி, மேடிசன் வட்டாரத்து நண்பர்களுக்கு,

ஜூலை பிறந்துவிட்டால், ஓஷ்கோஷில் நடக்கிற விமான விழாவுக்குப் போய் விமானிகளின் ரேடியோப் பேச்சைக் கேட்க ஆசைப்படுகிறவர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "ஓஷ்கோஷ் போறோம், எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" கேட்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், தட்ட முடியாது. ஆளுக்கு அரை மணி நேரம் போனில் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது. இந்த வருஷம் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், போன ஜூலையில் மைதானத்தில் பார்த்த சில காட்சிகளும் கூடவே வந்து நின்றன. அதனால் இதில் கொஞ்சம் புத்திமதியும் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் சொல்ல அதிகம் இல்லை. பயணிகள் விமானமும் சின்ன விமானமும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பேசுகின்றன. ராணுவ ஜெட்டுகள் பெரும்பாலும் 225க்கும் 400க்கும் இடையில். இரண்டுமே ஏஎம். நீங்கள் வாங்குகிற ஸ்கேனர் இந்த இரண்டு பட்டைகளையும் ஏஎம்மில் பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள். யூனிடன் பிசி125ஏடி போன்ற சாதாரணக் கைக்கருவி போதும். போலீஸ், தீயணைப்புத் துறைகளின் டிஜிட்டல் பேச்சைப் பிடிக்கிற விலை உயர்ந்த கருவிகள் இங்கே தண்டச் செலவு. அதேபோல, மலிவாகக் கிடைக்கிற வாக்கிடாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுமே கேட்கலையே" என்று என்னிடம் நீட்டாதீர்கள். அவற்றில் பல எஃப்எம் மட்டுமே பிடிப்பவை.

என் முதல் வருஷக் கதையையும் சொல்லிவிடுகிறேன். விலை அதிகமான கருவியாகப் பார்த்து வாங்கி, ராத்திரி கண்விழித்து, கிடைத்த அலைவரிசைகளை எல்லாம், ஏறக்குறைய இருநூறு, அதில் ஏற்றினேன். மைதானத்தில் போய் உட்கார்ந்தால் அது ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கவில்லை. குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிற மாதிரி தாவியது. எனக்குக் கிடைத்ததெல்லாம் வாக்கியங்களின் வால் மட்டும். யாரோ "ரோஜர்" என்றார். எதற்கு ரோஜர், யாருக்கு ரோஜர், கடைசிவரை தெரியவில்லை. இப்போது நான் நான்கே நான்கு அலைவரிசைகள்தான் வைத்திருக்கிறேன். அவற்றிலும் ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டு மணிக்கணக்காக அதிலேயே இருப்பேன். அவற்றில் மூன்று இவை: வருகிற விமானங்களுக்கு, பின்னால் சொல்லப்போகும் ஃபிஸ்கின் 120.7; கோபுரத்துக்கு 118.5, 126.6. வருஷா வருஷம் விமானிகளுக்கென்று வெளியாகும் அறிவிப்பைப் பார்த்து இந்த எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிவிப்பு இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. ஸ்கேனருக்குக் கொடுக்கிற காசைவிட, அதைப் படிக்கச் செலவிடுகிற ஒரு மணி நேரம் பலமடங்கு உதவும்.

இந்தக் காலத்திலும் விமானங்கள் ஏன் ஏஎம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று கேட்கலாம். நம்மில் வயதானவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ராத்திரியில் இலங்கை வானொலிக்காக முள்ளை நகர்த்தும்போது, இரண்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி 'உய்ய்' என்று ஒரு விசில் வருமே, நினைவிருக்கிறதா? அதே விசில்தான். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானது ஜெயித்துவிடும், பலவீனமானது இருந்த சுவடே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக்கொண்டு சத்தம் போடும். வார்த்தை புரியாவிட்டாலும், இன்னொருவரும் பேச முயன்றிருக்கிறார் என்பதாவது தெரிந்துவிடும்.

தெரிந்தாலும் சில நேரம் பலன் இருப்பதில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில், பனிமூட்டத்தில், கேஎல்எம் விமானமும் பான் ஆம் விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். மோதுவதற்குச் சற்று முன்பு, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகள் ரேடியோவில் சொன்னார்கள். அதே நொடியில் கோபுரமும் பேசியது. கேஎல்எம் விமானி அறையில் அந்த எச்சரிக்கை ஒரு கீச்சொலியாகத்தான் போய்ச் சேர்ந்தது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஸ்கேனரில் அந்த விசில் கேட்கும்போதெல்லாம் எனக்கு டெனெரிஃப் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஓஷ்கோஷில் கேட்கத் தக்க முதல் விஷயம் பேச்சில்லாமல் நடக்கிற ஒன்று. அதை ரசிக்க இந்த விசிலின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குத் தென்மேற்கே ஃபிஸ்க் என்று ஒரு குக்கிராமம். ஒரு ரயில் பாதை, சில வீடுகள், சுற்றிலும் வயல். வருஷத்தில் மற்ற நாட்களில் யாரும் நின்று பார்க்காத இடம். ஓஷ்கோஷ் விழாவுக்கு வருகிற சின்ன விமானங்கள் ரிப்பன் என்ற ஊருக்கு மேல் கூடி, அங்கிருந்து அந்த ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அரை மைல் இடைவெளியில், 90 நாட் வேகத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரத்தில் வர வேண்டும். நம் தலைக்கு மேலே கணக்கிட்டால் சுமார் 1,000 அடி. அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாதவற்றுக்கு 2,300 அடியில், 135 நாட்டில் இன்னொரு மாடி. ஃபிஸ்கில் ஒரு மேட்டின் மேல், கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள். ரேடாரின் துணையோடு பழகிய ஆட்கள், அந்த வாரம் வெறுங்கண்ணை நம்பி வேலை செய்கிறார்கள். அதற்கு நாடு முழுவதிலுமிருந்து போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வழக்கமாக, கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தில் விமானி தன் எண்ணைச் சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்லி, கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஃபிஸ்கில் அவர் வாயைத் திறக்கக் கூடாது. கட்டுப்பாட்டாளருக்கு அவர் பெயரோ எண்ணோ தெரியாது. சந்தையில் பெயர் தெரியாதவரை "பச்சைச் சட்டை அண்ணே!" என்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார். இறக்கை மேலே இருக்கிற மஞ்சள் விமானமா? "யெல்லோ ஹை விங், ராக் யுவர் விங்ஸ்." மேலே அந்த மஞ்சள் விமானம் ஒருமுறை இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, நிமிரும். "நைஸ் ராக்!" என்று ஒரு பாராட்டு. ரயில் பாதையிலேயே மேலே போவதா, ஃபிஸ்க் சாலையோடு திரும்புவதா, எந்த ஓடுபாதை, எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குரல் அடுத்த விமானத்துக்குத் தாவிவிடும். விமானியின் பதில் அந்தச் சிறகசைப்பு மட்டும்தான்.

விழா வாரத்தில் ஓஷ்கோஷின் விட்மன் விமான நிலையத்துக்கும் சுற்றியுள்ள சின்ன நிலையங்களுக்கும் சேர்ந்து சுமார் 10,000 விமானங்கள் வருகின்றன. அந்த நாட்களில் அதுதான் உலகத்திலேயே பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம். மணிக்கு நூறுக்கு மேல் புறப்பாடுகளும் இறக்கங்களும். ஒவ்வொருவரும் "சரிங்க, புரிஞ்சுதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தால் அலைவரிசை முழுக்க அந்த விசில்தான் மிஞ்சும். எல்லோரும் சொன்னபடி நடந்தாலும் சில நாள் வானம் ஒத்துழைக்காது. 2018இல் விழா தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் வானிலை கெட்டு, நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே சமயத்தில் ரிப்பன் பக்கம் வந்து மொய்த்தன. வட்டமடித்துக் காத்திருந்தவர்கள் பலர், மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு வேறு நிலையங்களுக்குத் திரும்பிப் போனார்கள். அதற்கடுத்து வந்த விதிமுறைகளில், ரிப்பனுக்கு வெகு முன்பே வரிசையைத் தொடங்குவதற்குப் புதிய இடங்கள் சேர்க்கப்பட்டன.

விமானியின் பதில் சிறகசைப்புதான் என்பதால், ஃபிஸ்கில் ஸ்கேனரை மட்டும் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி உரையாடல்தான் கிடைக்கும். மீதிப் பாதி வானத்தில் நடக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே நான் வெறும் பத்து நிமிஷம் என்று நிறுத்தி, மூன்று மணி நேரம் கழித்து வெயிலில் கழுத்துப் பின்பக்கம் வெந்துபோய் வீடு திரும்பியிருக்கிறேன்.

மைதானத்துக்குள் வந்தால் கோபுரத்தின் அலைவரிசை. அங்கே ஒரே ஓடுபாதையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் இறங்குவதைப் பார்ப்பீர்கள். சாதாரண நாளில் இவ்வளவு நெருக்கமாக இறங்க அனுமதி கிடையாது. இந்த வாரத்துக்கென்று தனிச் சலுகை. ஓடுபாதையின் மேல் பெரிய பெரிய வண்ணப் புள்ளிகள் தீட்டியிருக்கும். நீ பச்சைப் புள்ளியில் இறங்கு, உன் பின்னால் வருகிறவர் ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கட்டும் என்று கோபுரம் பிரித்துக் கொடுக்கும். கட்டுப்பாட்டாளரின் பேச்சில் ஒரு தாளம் உண்டு. "கீப் இட் கமிங், கீப் இட் கமிங்" என்று ஒருவரை இழுத்துக்கொண்டே, மூச்சு விடாமல் அடுத்தவரை மடக்கித் திருப்புவார். தக்காளி ஏலம் விடுகிறவர் மாதிரி வேகம், அதட்டல் மட்டும் இருக்காது.

இங்கேதான் நான் ஒரு முறை வெட்கப்பட்டேன். புள்ளியைத் தாண்டி மிதந்துகொண்டே போன ஒரு விமானத்துக்கு "கோ அரவுண்ட்" என்று உத்தரவு வந்தது. இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றி வா என்று அர்த்தம். அது எழும்பிப் போவதைப் பார்த்து, "புள்ளி எவ்வளவு பெரிசு, இதுகூடத் தெரியலையா?" என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன், ஆங்கிலத்தில். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான அமெரிக்கர் இயர்போனைக் கழற்றினார். "காலையிலிருந்து மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்," என்றார். "அதில் ஒருவன் நான்." கோபமே இல்லாமல் சொன்னார். அப்புறம் மறுபடி இயர்போனை மாட்டிக்கொண்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் மேகங்களோடு மல்லுக்கட்டி, பக்கத்து இருக்கையில் பெண்டாட்டியோ பிள்ளையோ வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னாலும் பின்னாலும் அரை மைலில் வேறு விமானங்களோடு ஒருவர் வந்து சேருகிறார். நாம் மடக்கு நாற்காலியில் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு காது கொடுக்கிறோம். அவர் நமக்காகப் பேசவில்லை. நாம் கேட்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒட்டுக்கேட்பதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது, மார்க் போடுவதற்கு யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. போன வருஷம் நம் கூட்டம் ஒன்று ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கத்துக்கும் கிரிக்கெட் வர்ணனை மாதிரி நடத்திக்கொண்டிருந்தது. யாரென்று சொல்ல மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

மதியத்துக்கு மேல் சாகசக் காட்சி. அப்போது நிலையம் மற்ற விமானங்களுக்கு மூடப்படும். வானம் 'ஏர் பாஸ்' என்று அழைக்கப்படும் ஒருவர் கைக்குப் போகும். யார் உள்ளே, யார் வெளியே, அடுத்தது யார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதிவேக ஜெட்டுகள் கூட்டத்திலிருந்து 1,500 அடி தள்ளியிருக்கிற கோட்டில் பறக்க வேண்டும், மெதுவான விமானங்கள் 500 அடி வரை வரலாம். அவர் வாயிலிருந்து "நாக் இட் ஆஃப்" என்று வந்தால் நடப்பது எல்லாம் அந்த நொடியே நிற்க வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் தரையில் இறங்கிய பிறகு. மற்றபடி அவர் அலைவரிசையில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. நல்ல காட்சியில் பேச்சு குறைவு. ஆகவே சத்தமில்லையே என்று வேறு எண்ணுக்குத் தாவாதீர்கள். என் முதல் வருஷத் தவறே அதுதான்.

இதற்கு நேர்மாறானது கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ். ஓஷ்கோஷில் அவர்களை எல்லா வருஷமும் பார்க்க முடியாது. சிகாகோ ஏரிக்கரை விழாவுக்கோ மில்வாக்கிக்கோ வரும்போது விடாதீர்கள். அவர்கள் முதலாம் எண் விமானியை 'பாஸ்' என்பார்கள். அவர் பேச்சு சாதாரணப் பேச்சு இல்லை, ராகம் போட்டு இழுக்கிற இழுவை. "அப் வீ கோ..." என்று அவர் இழுக்கிற இழுவையின் நீளத்துக்கு அணிவகுப்பில் கூடப் பறக்கிற மற்ற மூன்று பேரும் கட்டுப்பாட்டுக் கட்டையை இழுக்கிறார்கள். விமானங்களுக்கு நடுவே இடைவெளி சில இடங்களில் 18 அங்குலம். எந்த அசையில் கை அசைய வேண்டும் என்பதுவரை கணக்கு. பரத நாட்டிய அரங்கேற்றத்தில் நட்டுவனார் தட்டுக்கழியோடு சொற்கட்டுச் சொல்வாரே, மேடையில் அந்தப் பெண்ணின் பாதம் அந்த ஒலியிலேயே விழுமே, ஏறக்குறைய அதுதான். பறப்பதற்கு முன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாஸ் அதே ராகத்தில் முழு நிகழ்ச்சியையும் சொல்ல, மற்றவர்கள் கைகளை அசைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு தனி விமானிகள் எதிரெதிராகப் பாய்ந்து வந்து "ரெடி... ஹிட் இட்!" என்பதை ஒருமுறை காதில் கேட்டுவிட்டால், அப்புறம் ஸ்பீக்கர் வழியாக வருகிற அறிவிப்பாளரின் வர்ணனை எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெட் சத்தம் விளையாட்டில்லை. சின்ன இயர்போனைக் காதில் வைத்து, அதன்மேல் சத்தம் தடுக்கும் காதுறையைப் போடுங்கள். ரேடியோவும் தெளிவாகக் கேட்கும், காதும் பிழைக்கும். ஒலியளவை முதலில் குறைத்து வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்க்வெல்ச் குமிழை, இரைச்சல் நிற்கிற இடம் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் தூரத்து விமானங்கள் காணாமல் போய்விடும்.

அடுத்ததை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 2023 ஜூலை 29 அன்று, விழா நடந்துகொண்டிருந்தபோது, ஒரே நாளில் இரண்டு விபத்துகள். ஒரு பழைய பயிற்சி விமானம் வின்னபேகோ ஏரியில் விழுந்தது. ஒரு ஹெலிகாப்டரும் ஒரு கைரோகாப்டரும் மோதிக்கொண்டன. நான்கு பேர் இறந்தார்கள். அப்படி ஒரு நேரத்தில் உங்கள் காதில் ஸ்கேனர் இருந்தால், கூட்டத்துக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஓஷ்கோஷ் ஒன்றும் ஸ்டேடியம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிற ஊர். உங்கள் ஸ்பீக்கரில் வருகிற வாக்கியத்தைப் பத்தடி தள்ளி நிற்கிற ஒரு மனைவி கேட்கக்கூடும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரை அணையுங்கள். பதிவு செய்ததை வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். "இன்ஜின் நின்னுபோச்சுன்னு நினைக்கிறேன்" என்று ஆரூடம் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க, அதற்கென்றே இருக்கிற விசாரணை அமைப்புக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நமக்கு அரைக் காதில் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடுமா?

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் விமானப் பேச்சைக் கேட்பது குற்றமில்லை. ஆனால் காரில் ஸ்கேனர் வைத்திருப்பதற்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. இண்டியானா, மினசோட்டா பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கதை வேறு. அங்கே நமக்கென்று அனுப்பப்படாத ரேடியோப் பேச்சைக் கேட்பதே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், விமானக் கண்காட்சிகளில் காதில் இயர்போனோடு நிற்கிறவர்களை வழியெங்கும் பார்க்கலாம் என்றாலும். இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே இப்படிப்பட்ட கம்பியில்லாக் கருவியை வைத்திருக்க உரிமம் தேவை. ஊரில் இருக்கிற மச்சானுக்குப் பரிசாக ஸ்கேனர் வாங்கிப் பெட்டியில் போடலாம் என்று போன வருஷம் ஒருவர் யோசனை கேட்டார். சென்னை சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆசை இருந்தால் போடலாம் என்றேன். சட்டை வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

இந்த வருஷமும் விழா தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் நான் ஃபிஸ்க் பக்கம் இருப்பேன். பெரிய வரிசை அன்றும் மறுநாளும்தான். ராக்ஃபோர்டிலிருந்து பொனான்ஸா விமானங்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து அணிவகுத்து வருவதும் அந்த வார இறுதியில்தான். கட்டுப்பாட்டாளர்கள் வேலை செய்கிற இடத்துக்குள் போய்ப் படமெடுக்க வேண்டாம், யார் வயலிலும் வண்டியை ஏற்ற வேண்டாம். அந்த ஊர்ச் சாலையோரத்தில் எங்கே நிறுத்தினாலும் வரிசை தலைக்கு மேல்தான் போகும். தொப்பி, தண்ணீர், தயிர்சாதம் உங்கள் பொறுப்பு. பேட்டரி மறந்துவிட்டவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், டபுள் ஏ, ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். நீலக் குடை விரித்திருக்கும். வந்ததும் என் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், காதில் இயர்போன் இருக்கும். தூரத்திலிருந்து கையை ஆட்டுங்கள். நானும் ஆட்டுகிறேன்.

அன்புடன்,
மில்வாக்கியிலிருந்து உங்கள் நண்பன்